விபத்து மலைக்கு மேலே, வழக்கு மலைக்குக் கீழே

கேரள எல்லையில் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கும் தமிழர்களுக்கு நஷ்ட ஈடு பெறச் சட்டம் தாராளமாகவே வழி வைத்திருக்கிறது. அதைப் பலரும் இழப்பது முதல் சில நாட்களில்.

போடிமெட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் மாநிலம் மாற அரை நிமிடம் போதும். சோதனைச் சாவடியைத் தாண்டினால் தேனி மாவட்டம் முடிந்து இடுக்கி தொடங்கிவிடுகிறது. ஏலத் தோட்ட வேலைக்காகக் காலையில் கீழேயிருந்து ஜீப்களிலும் பைக்குகளிலும் ஏறிச் செல்பவர்கள் அதை ஒரு எல்லையாகவே நினைப்பதில்லை. கம்பம்மெட்டிலும் குமுளியிலும் இதே கதைதான். வடக்கே பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறையிலும் மீனாட்சிபுரத்திலும் குடியிருந்துகொண்டு பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் வேலைக்குப் போய்வரும் தமிழர்களுக்கும் அப்படித்தான். விபத்து நடக்கும்போதுதான் எல்லை கண்ணுக்குத் தெரிகிறது.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்ளலாம். போடியைச் சேர்ந்த தோட்டத் தொழிலாளி ஒருவர். வயது 32. மாத வருமானம் 12,000 ரூபாய். பூப்பாறைக்கு அருகே ஒரு வளைவில் எதிரே வந்த லாரி அவருடைய பைக்கில் மோதுகிறது. அவர் இறந்துவிடுகிறார். வீட்டில் மனைவி, இரண்டு குழந்தைகள், வயதான தாய். வழக்குப் பதிவு செய்வது கேரள போலீஸ். எஃப்.ஐ.ஆர். மலையாளத்தில் இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று குடும்பத்தில் யாருக்கும் படிக்கத் தெரியாது. வழக்கு என்றால் இடுக்கி மாவட்டத்தின் மறுகோடியில் உள்ள தொடுபுழாவுக்கு நடக்க வேண்டும், மலையாள வக்கீல் வைக்க வேண்டும் என்று யாரோ சொல்கிறார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் ஒருவர் வந்து, உடனடியாக ஒரு தொகை கிடைக்கும், கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார். கையெழுத்தும் போடப்படுகிறது.

இந்தக் குடும்பத்துக்குத் தெரியாமல் போன முதல் விஷயம், அவர்கள் தொடுபுழாவுக்குப் போக வேண்டியதே இல்லை என்பது.

எங்கே வழக்குப் போடுவது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவு, நஷ்ட ஈடு கேட்பவருக்கு மூன்று வாய்ப்புகளைத் தருகிறது. விபத்து நடந்த பகுதியின் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். மனுதாரர் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் பகுதியின் தீர்ப்பாயத்தை அணுகலாம். எதிர்மனுதாரர் வசிக்கும் இடத்திலும் வழக்குப் போடலாம். தேர்வு செய்யும் உரிமை பாதிக்கப்பட்டவருடையது. போலீசுக்கோ இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கோ அதில் இடமில்லை. 1994-ல் கொண்டுவரப்பட்ட திருத்தம் தந்த உரிமை இது. 2019-ம் ஆண்டின் பெரிய திருத்தமும் இதில் கை வைக்கவில்லை.

ஆகவே போடிக் குடும்பம் தேனி மாவட்டத்திலேயே மனுப் போடலாம். மறையூரிலிருந்து சின்னாறு வழியாக வரும்போது அடிபட்ட உடுமலைப்பேட்டைக்காரர் உடுமலையிலேயே வழக்கு நடத்தலாம். மறுபக்கமும் இது பொருந்தும். பொள்ளாச்சிச் சாலையில் அடிபட்ட கொழிஞ்சாம்பாறைக்காரர், விருப்பப்பட்டால் பாலக்காட்டுத் தீர்ப்பாயத்தை நாடலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கிளை இருக்கும் ஊரில் வழக்குப் போட்டதையும் சுப்ரீம் கோர்ட் 2009-லும் 2016-லும் ஏற்றிருக்கிறது. பாதிக்கப்பட்டவருக்கு வசதி செய்து தரவே இந்தப் பிரிவு இருக்கிறது என்பதுதான் அந்தத் தீர்ப்புகளின் அடிப்படை.

மொழிச் சிக்கலும் சுப்ரீம் கோர்ட் வரை போயிருக்கிறது. மேற்கு வங்கத்தின் சிலிகுரியில் நடந்த விபத்துக்கு, பாதிக்கப்பட்டவர்கள் உத்தரப் பிரதேசத்தில் வழக்குப் போட்டார்கள். சாட்சிகள் சிலிகுரிக்காரர்கள், மொழி இடைஞ்சலாக இருக்கும், வழக்கை அங்கே மாற்ற வேண்டும் என்றார் வாகன உரிமையாளர். 2023-ல் கோர்ட் மறுத்துவிட்டது. அந்த உத்தரவு இந்தியை தேசிய மொழி என்று குறிப்பிட்டது தமிழ் வாசகருக்கு உறுத்தலாம். ஆனால் அதில் இருந்த இன்னொரு வாதம் எல்லைத் தமிழருக்குப் பெரிதும் உதவக்கூடியது: வழக்கை மாற்றினால், வங்காளம் தெரியாத பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் தரப்பைச் சொல்ல முடியாமல் பாதிக்கப்படுவார்கள் என்றது கோர்ட். வங்காளம் என்ற இடத்தில் மலையாளம் என்று வைத்துப் பார்த்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. இறந்தவரின் மனைவி ஒரு மாநிலத்திலும் தாய் இன்னொரு மாநிலத்திலும் தனித்தனியாக வழக்குப் போட்டால், முதலில் போடப்பட்ட வழக்கு எங்கே இருக்கிறதோ அங்கேதான் மற்றதும் மாற்றப்படும். சுப்ரீம் கோர்ட் 2022 டிசம்பரில் இட்ட உத்தரவு இது. குடும்பம் முதலில் பேசி முடிவு செய்வது நல்லது.

எவ்வளவு கிடைக்கும்?

விபத்து நஷ்ட ஈடு என்பது நீதிபதியின் இரக்கத்தைப் பொறுத்தது என்ற எண்ணம் இன்னும் பரவலாக இருக்கிறது. உண்மையில் அது ஒரு கணக்கு. இந்தக் கணக்கை நாடு முழுவதற்கும் நிலைநிறுத்திய தீர்ப்புகளில் ஒன்று, கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் கட்சிக்காரராக இருந்த வழக்கில் 1990-களின் தொடக்கத்தில் சுப்ரீம் கோர்ட் வழங்கியது. பிறகு 2009-ல் சரளா வர்மா வழக்கும் 2017-ல் பிரணய் சேத்தி வழக்கும் அதை ஒரு அட்டவணையாகவே ஆக்கிவிட்டன.

போடித் தொழிலாளியின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சம்பளம் 12,000. நாற்பது வயதுக்கு உட்பட்டவர், நிரந்தர வேலை இல்லாதவர் என்பதால் எதிர்கால உயர்வுக்காக 40 சதவிகிதம் கூட்ட வேண்டும்: 16,800. அவரை நம்பி நான்கு பேர் இருப்பதால், அவருடைய சொந்தச் செலவுக்காகக் கால் பங்கு கழிக்கப்படும்: 12,600. வருடத்துக்கு 1,51,200. முப்பத்திரண்டு வயதுக்கான பெருக்கு எண் 16. ஆக 24,19,200 ரூபாய். மனைவி, குழந்தைகள், தாய் ஆகியோரின் உறவு இழப்புக்கும் ஈமச் சடங்குக்கும் தனித் தொகைகள் உண்டு. மனுப் போட்ட நாளிலிருந்து வட்டியும் கேட்கலாம்.

சம்பளச் சீட்டு இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. காலை இழந்த ஒரு காய்கறி வியாபாரியின் வழக்கில் 2014-ல் சுப்ரீம் கோர்ட், அமைப்புசாராத் தொழிலில் இருப்பவரிடம் வருமானச் சான்று எதிர்பார்ப்பது சரியல்ல என்றது. மாதம் 6,500 ரூபாய் என்று கோர்ட்டே கணக்கிட்டது.

உயிர் பிழைத்தவருக்குக் கணக்கு வேறு. டாக்டர் தரும் ஊனச் சான்றிதழில் 40 சதவிகிதம் என்று இருந்தால், வருமான இழப்பும் 40 சதவிகிதம்தான் என்று அர்த்தமில்லை. 2010-ல் சுப்ரீம் கோர்ட் இதற்கு ஒரு எளிய உதாரணம் காட்டியது: இடது கை போனால் ஒரு டிரைவருக்கோ தச்சருக்கோ பிழைப்பு ஏறக்குறைய முழுவதுமாகப் போய்விடும், அரசு குமாஸ்தாவுக்குச் சம்பளம் குறையாமலே போகலாம். சரிவில் ஏலக்காய் பறிப்பவருக்கு முழங்கால் மடங்காவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தீர்ப்பாயத்தில் சொல்ல வேண்டியது அவருடைய வக்கீலின் வேலை. காய்கறி வியாபாரியின் வருமான இழப்பை 85 சதவிகிதம் என்று சுப்ரீம் கோர்ட் கணித்ததும் இந்த வழியில்தான்.

இப்போது அந்தக் கையெழுத்துக்கு வரலாம். 2019 திருத்தத்தின் நஷ்ட ஈட்டுப் பகுதிகள் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அதன்படி 164-வது பிரிவின் கீழ், யார் மேல் தவறு என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சமும் படுகாயத்துக்கு இரண்டரை லட்சமும் பெறலாம். தவறு யாருடையது என்று நிரூபிக்க வழியே இல்லாதவர்களுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் சமரச நடைமுறை மூலம் இந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால், தீர்ப்பாயத்தில் போட்ட மனு காலாவதியாகிவிடும் என்கிறது 166-வது பிரிவு. 5 லட்சத்துக்குக் கையெழுத்துப் போடுகிற குடும்பம், 24 லட்சத்துக்கான கதவைத் தானே சாத்திவிடுகிறது. லோக் அதாலத் சமரசமும் அப்படியே: அங்கே ஒப்புக்கொண்ட தொகைக்கு அப்பீல் கிடையாது. வேகமாக முடியும் என்பது உண்மைதான். ஆனால் கணக்குத் தெரியாமல் அங்கே போய் உட்காரக் கூடாது.

முதல் காகிதம்

வழக்கின் தலையெழுத்தைப் பெரும்பாலும் எழுதுவது வக்கீல் அல்ல, முதலில் பார்க்கும் டாக்டரும் போலீஸ்காரரும். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது, அடிபட்டது எப்படி என்று கேட்டு ஒரு வரி எழுதுவார்கள். தமிழ்நாட்டில் அது ஏ.ஆர். காப்பி எனப்படும் விபத்துப் பதிவேட்டில் இருக்கும். கேரளத்தில் காயச் சான்றிதழில் வரும். பதற்றத்தில் கூட வந்தவர் ‘பைக்கிலிருந்து விழுந்துவிட்டார்’ என்று சொன்னால், அதுவே பதிவாகும். லாரி மோதியது என்று ஆறு மாதம் கழித்துச் சொல்லும்போது இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்த வரியைத்தான்.

இடுக்கியில் அடிபட்டவரை நேராகத் தேனிக்கோ, பாலக்காட்டில் அடிபட்டவரைக் கோவைக்கோ கொண்டுவந்துவிட்டால் இன்னொரு சிக்கல். இது எங்கள் எல்லையில் வராது என்று இரண்டு பக்கமும் கை காட்டக்கூடும். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தப் போலீஸ் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். அதைப் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அனுப்புவது போலீசின் பொறுப்பு. எஃப்.ஐ.ஆர். நகல் பாதிக்கப்பட்டவருக்கு இலவசம்.

மலையாளத்தில் எழுதிய வாக்குமூலத்தில், படித்துக் காட்டச் சொல்லிக் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. புகாரைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். குறை தீர்க்கக் கோரும் மனுவை மத்தியிலோ அந்த மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் தரலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 350-வது பிரிவு. சிறுபான்மைத் தமிழர் அரசு அலுவலகங்களுடன் தமிழில் கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ளக் கேரளம் 1969-லேயே ஆட்சிமொழிச் சட்டத்தில் வழி செய்தது.

2022 ஏப்ரலில் வந்த விதிகளின்படி, விபத்து பற்றிய முதல் அறிக்கையை 48 மணி நேரத்துக்குள் போலீஸ் தீர்ப்பாயத்துக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும். விரிவான அறிக்கைக்கு 90 நாள் கெடு. அவை வந்தனவா என்று கேட்கும் உரிமை குடும்பத்துக்கு உண்டு. எஃப்.ஐ.ஆர்., சம்பவ இடத்து மகஜர், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, காயச் சான்றிதழ் அல்லது போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, குற்றப்பத்திரிகை, ஆஸ்பத்திரி பில்கள் ஆகியவற்றைச் சேகரித்து, மலையாளத்தில் உள்ளவற்றுக்கு மொழிபெயர்ப்பும் இணைத்தால் வழக்கின் பாதி வேலை முடிந்தது. கிரிமினல் வழக்கைப் போலச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும் என்ற கட்டாயம் தீர்ப்பாயத்தில் இல்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். எனவே கேரளத்திலிருந்து சாட்சி வரவில்லை என்பதால் மட்டும் வழக்கு விழுந்துவிடாது.

காலக்கெடு விஷயத்தில் பழைய நினைவு ஆபத்தானது. 1994-ல் எடுக்கப்பட்ட கெடு, 2022 ஏப்ரலிலிருந்து மீண்டும் வந்துவிட்டது: விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். இந்த விதியை எதிர்த்த வழக்கில், காலம் கடந்துவிட்டது என்று சொல்லி மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் இடைக்கால உத்தரவிட்டது. இடைக்கால உத்தரவை நம்பி ஆற அமர இருப்பது புத்திசாலித்தனம் அல்ல.

பின்னால் உட்கார்ந்தவர்

மோட்டார் சைக்கிளுக்கே உரிய சிக்கல் பின் சீட்டில் இருக்கிறது. எதிரே வந்த வாகனத்தின் மேல் தவறு என்றால், பின்னால் இருந்தவருக்கு அந்த வாகனத்தின் இன்ஷூரன்ஸ் பணம் தர வேண்டும், சிக்கல் இல்லை. ஆனால் பைக் தானாகச் சறுக்கியோ, ஓட்டியவர் தவறாலோ விழுந்தால்? பைக்குக்கு இருப்பது கட்டாய மூன்றாம் நபர் பாலிசி மட்டும் என்றால், பின்னால் இருந்தவருக்கு அது பொருந்தாது. 2006-லும், கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2008-லும் சுப்ரீம் கோர்ட் இப்படித்தான் சொன்னது. ‘பேக்கேஜ்’ என்னும் முழுமையான பாலிசி இருந்தால் பின் சீட்டுக்காரருக்கும் பாதுகாப்பு உண்டு என்பதை 2012 தீர்ப்பு உறுதி செய்தது. இரண்டுக்கும் பிரீமியத்தில் இருக்கும் வித்தியாசத்தைப் பார்த்து மலிவானதை வாங்குகிறவர், தன் மனைவியின் சீட்டைத்தான் பாலிசியிலிருந்து கழிக்கிறார்.

ஓட்டியவரே தவறு செய்திருந்தால், உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடுதான் மிச்சம். அதற்கு முறையான லைசென்ஸ் வேண்டும். மச்சான் பைக்கை இரவல் வாங்கி ஓட்டுகிறவர், உரிமையாளரின் இடத்தில் இருப்பவராகவே கருதப்படுவார். அவரை மூன்றாம் நபராக ஏற்க முடியாது என்று 2009-லும் 2020-லும் சுப்ரீம் கோர்ட் கூறியிருக்கிறது.

அதே சமயம், பைக்கில் மூன்று பேர் போனார்கள், லைசென்ஸ் இல்லை என்று சொல்லி அடிபட்டவரின் நஷ்ட ஈட்டைக் குறைத்துவிட முடியாது. மூன்று பேர் போனதுதான் விபத்துக்கோ காயத்தின் கடுமைக்கோ காரணம் என்று நிரூபிக்க வேண்டும் என்றது 2020 ஜனவரியில் வந்த தீர்ப்பு. லைசென்ஸ் இல்லாததே கவனக்குறைவு ஆகாது என்று 2008-லேயே கோர்ட் சொல்லியாயிற்று. போலீஸ் அபராதம் வேறு. நஷ்ட ஈடு வேறு.

ஒரு டாக்டர் போட்ட வழக்கு

இந்த உரிமைகளில் சிலவற்றுக்குப் பின்னால், வாளையாறு எல்லையிலிருந்து அதிக தூரமில்லாத கோவையின் கங்கா மருத்துவமனை இருக்கிறது. அங்குள்ள எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் எஸ்.ராஜசேகரன், சாலை விபத்துகளைக் குறைக்கக் கோரி 2012-ல் சுப்ரீம் கோர்ட்டில் பொதுநல வழக்குத் தொடுத்தார். ஆபரேஷன் தியேட்டரில் மட்டும் தீராத விஷயம் என்பது அந்த வழக்கின் வேகத்தில் தெரிந்தது. 2014-ல் நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. 2018 செப்டம்பர் முதல் புதிய டூவீலர்களுக்கு ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் பாலிசி கட்டாயமானது. இன்ஷூரன்ஸ் இல்லாத பைக் மோதிவிட்டால், உரிமையாளரிடம் பணம் வசூலிக்க அலைந்த குடும்பங்களுக்கு இதன் அருமை தெரியும்.

மோதிவிட்டு நிற்காமல் போன வாகனங்களையும் இதே வழக்கு தொட்டது. அப்படிப்பட்ட விபத்தில் மரணத்துக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய் என்று 2022-ல் திட்டம் வந்திருந்தது. கேட்பவர்கள் குறைவாக இருந்தார்கள். வாகனம் எது என்று ஒரு மாதத்துக்குள் கண்டுபிடிக்க முடியாவிட்டால், இந்தத் திட்டத்தைப் பற்றிப் பாதிக்கப்பட்டவர்களுக்குப் போலீசே எழுத்து மூலம் சொல்ல வேண்டும் என்று 2024 ஜனவரியில் கோர்ட் உத்தரவிட்டது. உயிர் காக்கும் முதல் மணி நேரச் சிகிச்சைக்கான திட்டத்தை மத்திய அரசு தள்ளிப்போட்டபோது, 2025 ஜனவரியில் கோர்ட் கெடு விதித்தது. அந்த ஆண்டு மே மாதம் அறிவிக்கப்பட்ட திட்டத்தில், விபத்து நாளிலிருந்து ஏழு நாள் வரை ஒன்றரை லட்ச ரூபாய்க்குக் கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. ஆஸ்பத்திரி வாசலில் நகையை அடகு வைக்க ஓடுவதற்கு முன் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

வக்கீல் செலவு

கிடைப்பதில் இத்தனை சதவிகிதம் என்று பேரம் பேசுவது வழக்கமாகிவிட்டது. வழக்கின் முடிவைப் பொறுத்து கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் பணத்தில் பங்கு கேட்பதையும் பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவின் கீழ் பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. கணவனை இழந்த பெண், மகனை இழந்த தாய், குழந்தைகள் ஆகிய அனைவரும் இதில் அடங்குவார்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனுக் கொடுத்தால் போதும்.

போடி வீட்டுக்கு வந்தவர் நீட்டிய காகிதத்தில் தொகை எழுதியிருந்தது. அதை வாங்கி மடித்து வைத்துவிட்டு, மறுநாள் தேனிக்குப் பஸ் ஏறி அந்த ஆணைக்குழுவில் காட்டியிருக்கலாம். பஸ் கட்டணத்தைத் தவிர அதற்கு வேறு செலவு இல்லை.